தினசரி ஓட்டும் போலோவை டிராக்குக்குத் தயார் செய்வது: எதுவரை போகலாம், எங்கே நிறுத்தலாம்

போன மாதம் அலுவலகத் தம்பி ஒருவர் கைபேசியில் ஒரு பட்டியலைக் காட்டினார். காயில் ஓவர் சஸ்பென்ஷன் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்), பக்கெட் சீட், நான்கு முனை பெல்ட், பின்பக்க ரோல் கேஜ் (கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய்க் கூண்டு), செமி ஸ்லிக் டயர் (வரிகள் குறைந்த, பந்தய டயர் போன்றது), எஞ்சின் ரீமேப் (கணினி அமைப்பை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது). கார், ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல், ஆறு கியர் மேனுவல். என்னிடம் இருப்பதும் அதுதான், நிறம் மட்டும் வேறு. இருங்காட்டுக்கோட்டையில் ஒரே ஒரு டிராக் டே, அதாவது பந்தயப் பாதையில் சொந்தக் காரை ஓட்ட விடும் நாள், ஓட்டிவிட்டு வந்திருந்தார். அந்தச் சந்தோஷம் இன்னும் முகத்தில் இருந்தது. “அண்ணா, இதில் எதை முதலில் போடலாம்?” என்று கேட்டார்.

நான் பதிலுக்கு ஒன்று கேட்டேன்: திங்கட்கிழமை காலை இந்தக் கார் என்ன வேலை செய்யணும்? வேளச்சேரியிலிருந்து சிறுசேரி வரை அலுவலகம், வழியில் மனைவியை இறக்கிவிடுவது, பின் சீட்டில் இரண்டு வயதுக் குழந்தைக்கான இருக்கை. அதைக் கேட்டதுமே பட்டியலில் பாதி எனக்கு அடிபட்டுப் போனது. ஏன் என்று அன்றைக்கு டீ இடைவேளையில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

போலோ 110 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க், ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டிய எடை. ஏட்டில் இது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஆனால் நம் ஊரில் மாதச் சம்பளக்காரர் தினமும் ஓட்டி, ஞாயிற்றுக்கிழமை டிராக்குக்கும் கொண்டுபோகிற கார் பெரும்பாலும் இதுவோ இதைப் போன்ற ஒன்றோதான். மியாட்டா, போர்ஷே என்று ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கும் கீழே வரும் கணக்கு மாறாது, தொகைதான் மாறும்.

முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. காரைக் காராகவே வைத்துக்கொண்டு டிராக்கின் சூட்டைத் தாங்கும் அளவுக்கு மட்டும் தயார் செய்வது. தம்பியின் பட்டியல் மாதிரி, சாலைக்கும் டிராக்குக்கும் நடுவே ஓர் இடத்தில் நிறுத்துவது. போலோவை முழு டிராக் காராக மாற்றிவிட்டு அலுவலகம் போக வேறு கார் வாங்குவது. போலோவைத் தொடாமல், டிராக்குக்கென்று ஒரு பழைய கார் வாங்குவது. இதில் முதலாவதும் நான்காவதும் நல்ல வழிகள் என்பது என் முடிவு. இரண்டாவதில்தான் நிறையப் பேர் பணத்தைக் கொட்டி, கடைசியில் காரையே வெறுத்துப் போகிறார்கள்.

முதல் வழியைப் புரிந்துகொள்ள, டிராக்கில் ஒரு காருக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கணும். இருங்காட்டுக்கோட்டை டிராக் ஒரு சுற்று 3.7 கி.மீ., பன்னிரண்டு வளைவுகள். 1990இல் திறந்தது. அதற்கு முன்னால் சென்னைக்காரர்கள் சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் ஓட்டினார்கள். டிராக் டேயில் ஒரு தடவை உள்ளே போனால் பதினைந்து, இருபது நிமிடம் விடுவார்கள். அந்த இருபது நிமிடத்தில் காரின் எதிரி வேகம் இல்லை, சூடு.

ஓட்டுநரோடு சேர்த்துச் சுமார் 1,150 கிலோ எடையுள்ள கார் 140 கி.மீ. வேகத்திலிருந்து 70க்குக் குறைகிறது என்று வையுங்கள். வேகம் பாதியானால் இயக்க ஆற்றலில் முக்கால் பங்கு போய்விடும். அந்த முக்கால் பங்கின் பெரும்பகுதி பிரேக்கில் சூடாக இறங்குகிறது. நான் போட்டுப் பார்த்த கணக்கில், அது இரண்டு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். ஒரே ஒரு பிரேக்குக்கு இவ்வளவு. ஒரு சுற்றில் இப்படிப் பல தடவை அழுத்துகிறோம், அடுத்த வளைவு வருவதற்குள் டிஸ்க் ஆற நேரம் கிடையாது. போலோவில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பிரேக் அடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கே போகிறது.

என் முதல் டிராக் டேயில் ஐந்தாவது சுற்றில் பெடல் பாதி வரை சும்மா இறங்கியது. இரண்டு தடவை வேகமாக மிதித்த பிறகுதான் பிடித்தது. அதற்குள் கார் தாரை விட்டு மண்ணுக்குப் போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாலையில் மூடியைத் திறந்து பார்த்தால் பிரேக் ஆயில் டிகாஷன் நிறத்தில் இருந்தது. நான் வழக்கமாக விட்ட பட்டறையின் பில்லில் அதை மாற்றியதாக எழுதியிருந்தார்கள், காசும் வாங்கியிருந்தார்கள். அன்றிலிருந்து பிரேக் ஆயிலை நான் பக்கத்தில் நின்றுதான் மாற்றுகிறேன்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்கணும் என்று விதி. ஈரம் ஏறிய பிறகு அதே தரத்துக்கு 155 டிகிரி இருந்தால் போதும் என்கிறது அதே விதி. சென்னைக் காற்றில் இரண்டு வருடம் கிடந்த ஆயில் இதில் எந்தப் பக்கம் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி வரும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் பெடல் பஞ்சு மாதிரி ஆகிறது. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 போன்ற பந்தய ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் 300 டிகிரிக்கு மேல். ஒரு போலோவுக்கு ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய். தம்பியின் பட்டியலில் இருந்த எல்லாவற்றையும்விட மலிவு, எல்லாவற்றையும்விட அவசியம். அது பட்டியலில் இல்லவே இல்லை.

அடுத்தது பேட், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை. இங்கே ஓர் அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளணும். பெடல் மெத்தென்று கீழே போனால் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கல் மாதிரி இருந்தும் கார் நிற்கவில்லை என்றால் பேட் தன் சூட்டு வரம்பைத் தாண்டிவிட்டது. முதலாவதற்குப் பேட் மாற்றிப் பயனில்லை, இரண்டாவதற்கு ஆயில் மாற்றிப் பயனில்லை. கம்பெனி பேட் காலை ஏழு மணிக்கு ஈரச் சாலையில் முதல் மிதியிலேயே பிடிப்பதற்காகச் செய்தது. முழுப் பந்தயப் பேட் அதற்கு நேர் எதிர்: சூடேறும் வரை பிடிக்காது, கத்தும், டிஸ்க்கைத் தின்னும். குழந்தையை உட்கார வைத்து ஓட்டும் காரில் அது வேண்டவே வேண்டாம். இரண்டுக்கும் நடுவே வேகச் சாலைக்கென்று செய்த பேட்கள் கிடைக்கின்றன. போட்டதும் முறையாகப் பதியவைத்து ஓட்டினால், வருடத்துக்கு மூன்று நான்கு டிராக் டேக்கு அவை தாராளம்.

மற்றவை சின்ன விஷயங்கள். எஞ்சின் ஆயில் புதிதாக, அளவு சரியாக இருக்கணும். கூலன்ட் பார்க்கணும். டயர் காற்றைச் சூடான பிறகு அளந்து, வெப்பத்தில் ஏறிய நாலைந்து பிஎஸ்ஐயை இறக்கணும், வீட்டுக்குக் கிளம்பும் முன் மறக்காமல் திரும்ப ஏற்றணும். ஒவ்வொரு தடவையும் கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆற்றிவிட்டு உள்ளே வரணும். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் இழுக்கக் கூடாது, கியரில் போட்டு நிறுத்தினால் போதும்.

டயரைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாக. போலோவின் முன்சக்கரங்கள் கம்பெனி அமைப்பில் கிட்டத்தட்ட நேராக நிற்பதால், வளைவில் கார் சாயும்போது டயரின் வெளித்தோள்தான் எரியும். ஒரே நாளில் ஒரு டயரின் ஓரத்தை மொட்டையாக்கியிருக்கிறேன். இதற்கு என் வழி, கம்பெனி அளவிலேயே இன்னொரு செட் ரிம், அதில் நல்ல பிடிப்புள்ள டயர். பின் சீட்டை மடக்கினால் நான்கையும் காருக்குள்ளேயே எடுத்துப் போகலாம். பட்டியலில் இருந்த ஆசைகளில் இது ஒன்றுக்குத்தான் நான் முழுமனதாகச் சரி சொன்னேன். ஆனால் வெளிநாட்டுக் காணொளிகளில் வரும் டயரெல்லாம் இங்கே சட்டென்று கிடைக்காது. 2020 ஜூனில் புது டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு உரிமம் கட்டாயமாக்கியதிலிருந்து அந்த வகை டயர்கள் இன்னும் அரிதாகிவிட்டன. உள்ளூரில் கிடைப்பதில் நல்லதைப் பிடித்துக்கொள்வதுதான் நடைமுறை.

இப்போது இரண்டாவது வழி, தம்பியின் பட்டியல். அதில் தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. காயில் ஓவர் போட்டால் வளைவில் காரின் சாய்வு குறையும், கேம்பர் ஏற்றலாம் (சக்கரத்தின் மேல்பகுதியை உள்பக்கம் சாய்க்கலாம்), வெளித்தோள் பிழைக்கும். உண்மை. ஒரு லட்சத்தைத் தாண்டும் செலவு அது. அதே கேம்பரோடு தினமும் அலுவலகம் போனால் உள்தோள் தேயும். தெருவுக்குத் தெரு இருக்கும் ஸ்பீட் பிரேக்கரில் கார் வயிறு உரசும். செமி ஸ்லிக் டயர் காய்ந்த தாரில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் ஓ.எம்.ஆரில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது, ஆழமான வரிகள் இல்லாத அந்த டயர் தண்ணீரை வெளியே தள்ளாமல் அதன்மேல் மிதக்கும். ரீமேப் சக்தியைக் கூட்டும். கூடிய சக்தி அதே பிரேக்குக்கு இன்னும் கூடுதல் சூட்டைக் கொண்டுவரும். நம் ஊர் வெயிலில் சின்ன டர்போ எஞ்சின் நாலைந்து சுற்றிலேயே சூடேறிச் சக்தியைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் என்பதால், கூட்டியதில் பாதி டிராக்கில் கைக்கே வராது.

இவை எல்லாம் பணமும் வசதியும். சீட், பெல்ட், கேஜ் மூன்றும் உயிர்ச் சமாச்சாரம். இதில்தான் தம்பியிடம் கொஞ்சம் அழுத்திப் பேசினேன்.

கம்பெனி காரில் மூன்று முனை பெல்ட், ஏர்பேக், சீட் மூன்றையும் ஒன்றோடொன்று பொருந்தும்படி சோதித்துச் செய்திருக்கிறார்கள். கார் உருண்டு கூரை நசுங்கினால், மூன்று முனை பெல்டில் உடம்பு பக்கவாட்டில் சரிய இடம் இருக்கிறது. நான்கு முனை பெல்ட் இரண்டு தோளையும் இறுக்கி உடம்பை நேராக நிறுத்திவிடும். இறங்கும் கூரைக்கு நேர் கீழே தலை. அதனால் தோள்பட்டை பெல்ட் என்றால் கூரையைத் தாங்கும் கேஜ் இருந்தே ஆகணும். நடுக்கால் பட்டை இல்லாத நான்கு முனை பெல்டில் இன்னொரு ஆபத்து: முன்மோதலில் இடுப்புப் பட்டை மேலேறி வயிற்றில் அழுந்தும், உடம்பு கீழே நழுவும். ஆகவே ஐந்து அல்லது ஆறு முனை. தோள்பட்டைகளைப் பின் சீட்டின் அடியில் கட்டினால் அவை செங்குத்தாக இறங்கி, மோதும்போது முதுகெலும்பை அமுக்கும். ஆகவே அவற்றைக் கட்ட தோள் உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி. இப்படி ஒன்று இன்னொன்றைக் கேட்டுக்கொண்டே போகும்.

சரி, கேஜே போட்டுவிடலாம் என்றால், அந்தக் கேஜ் ஹெல்மெட் போட்ட தலைக்கானது. அலுவலகம் போகும்போது யாரும் ஹெல்மெட் போடுவதில்லை. பக்கத்துக் கார் இடித்தால்கூட வெறும் தலை இரும்புக் குழாயில் மோதும். பின்பக்கக் கேஜ் போட்ட காரில் குழந்தை இருக்கை வைப்பதை நான் நினைத்தும் பார்க்க மாட்டேன். பாதி பந்தயக் கார் என்றால் பாதிப் பாதுகாப்பாவது கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. சாலையிலும் குறை, டிராக்கிலும் குறை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். அபராதத்தைவிடப் பெரிய கவலை காப்பீடு. பாலிசித் தாளை எடுத்துப் பாருங்கள். அமைப்பு சார்ந்த பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பயன்படுத்தினால் பொருந்தாது என்று அச்சிட்டிருக்கும். ஆக, டிராக்கில் அடிபட்டால் நம் காசு. எந்த வழியில் போனாலும் இது பொதுதான். ஆனால் சொல்லாமல் மாற்றிய காரில் சாலையில் விபத்து நடந்தாலும் இழப்பீட்டில் சிக்கல் வரும். அந்தக் கூடுதல் ஆபத்து இரண்டாவது வழியில் மட்டும். கம்பெனி அளவிலேயே டயர், நல்ல பேட், நல்ல ஆயில் என்று நிற்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

மூன்றாவது வழியை நீட்ட வேண்டியதில்லை. போலோவின் உள்ளே இருப்பதைப் பிரித்துப் போட்டு, முழுக் கேஜ் வெல்டிங் செய்து, முறையான பந்தயக் கார் ஆக்கினால் நல்ல கார் கிடைக்கும். அதற்குப் பிறகு அது சாலையில் ஓடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் ஃபிளாட்பெட் வண்டியில்தான் போகணும். நம் நாட்டில் போலோ உற்பத்தி 2022இல் நின்றுவிட்டது. நல்ல நிலையில் உள்ள டிஎஸ்ஐ மேனுவலுக்கு வாங்க ஆள் இருக்கிறார்கள். அதைப் போய் வெட்டுவானேன்? ஏற்கெனவே விபத்தில் அடிபட்ட போலோ மலிவாகக் கையில் வந்தால் மட்டும் யோசிக்கலாம்.

நான்காவது வழி, டிராக்குக்கென்று தனிக் கார். என் மனசு இதில்தான் இருக்கிறது. மாருதி எஸ்டீம், முதல் தலைமுறை ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோல், பழைய ஹோண்டா சிட்டி விடெக். இந்தப் பெயர்களை இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே டிராக்கிலும் பந்தயம் பார்த்தவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். எஸ்டீமின் எடை 900 கிலோவுக்கும் குறைவு. மேலே சொன்ன பிரேக் கணக்கை இதற்குப் போட்டால், அதே வேகத்திலிருந்து நிறுத்த ஆறில் ஒரு பங்கு சூடு குறைகிறது. டர்போ இல்லை, அதனால் வெயிலில் சக்தி அவ்வளவாகச் சுருங்காது. 1.3 லிட்டர் மாருதி எஞ்சினை அறிந்த மெக்கானிக் எந்த ஊரிலும் இருப்பார். கோவையில் பிறந்த எல்ஜிபி ஃபார்முலா என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களில் உட்கார்ந்திருந்ததும் மாருதியின் 1.3 எஞ்சின்தான். ஏபிஎஸ், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்று எதுவும் குறுக்கே வராத காரில் கால் என்ன செய்கிறது, கை என்ன செய்கிறது என்று உடனே தெரியும். ஓட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

ஆனால் வாங்கும் விலையைப் பார்த்து மயங்கக் கூடாது. இவ்வளவு வயதான காரில் ரப்பர் புஷ், கூலன்ட் ஹோஸ், பிரேக் ஹோஸ், எஞ்சின் மவுன்ட் எல்லாவற்றையும் மாற்றியே ஆகணும். ஏர்பேக் இல்லாத, கதவு மெல்லிய கார் என்பதால் கேஜ், முறையான சீட், ஆறு முனை பெல்ட் மூன்றும் முதல் நாளே வேண்டும். இங்கே அவை பொருத்தமான இடத்தில் இருக்கின்றன, ஏனென்றால் இந்தக் காரில் ஹெல்மெட் இல்லாமல் யாரும் உட்காரப் போவதில்லை. கொண்டுபோக ஃபிளாட்பெட், கொண்டுவர ஃபிளாட்பெட். எல்லாவற்றுக்கும் மேல், எங்கே நிறுத்துவது? சென்னை அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு ஓர் இடம். இந்த வழியில் போக ஆசைப்பட்ட என் நண்பர்களில் பாதிப் பேருக்குப் பணம் தடையாக இல்லை, இடம்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஷெட்டை மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, இரண்டு கார்களை வைத்து மாறி மாறி ஓட்டுகிறவர்களைத் தெரியும். நான் பார்த்ததில் நடைமுறைக்கு நன்றாக ஒத்துவந்த ஏற்பாடு அதுதான்.

இதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்லணும். காரில் எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு பந்தயப் பயிற்சிப் பள்ளியில் இரண்டு நாள் அவர்களுடைய காரை ஓட்டிப் பார்ப்பது. எங்கே பிரேக்கை விடுவது, பார்வையை எங்கே வைப்பது என்று பக்கத்தில் ஒருவர் சொல்லித் தந்த பிறகு, என் சொந்தக் காரில் எதுவுமே மாற்றாமல் பிரேக்கின் சூடு குறைந்தது. முன்பெல்லாம் பயத்தில் சீக்கிரமே மிதித்து, நீளமாக இழுத்துக்கொண்டிருந்தேன். இப்போது தாமதமாக, அழுத்தமாக, குறைந்த நேரம். பந்தய உரிமம் எடுத்து, நம் நாட்டு மோட்டார் பந்தய அமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் போட்டிகளில் இறங்கும் எண்ணம் இருப்பவருக்கு இந்தப் பள்ளியே முதல் படி. அவருக்கு இரண்டாவது வழி இன்னும் வீண், ஏனென்றால் போட்டி விதிகளுக்கு ஏற்ற கார் வேறாகத்தான் இருக்கும்.

தம்பியிடம் நான் கேட்ட அடுத்த கேள்வி, வருடத்துக்கு எத்தனை நாள் டிராக்குக்குப் போக முடியும் என்பது. மனைவியிடம் பேசிவிட்டு வந்து மூன்று என்றார். மூன்று நாளுக்கு முதல் வழிதான். மாதம் ஒரு தடவை போகிறவராக, சுற்று நேரத்தை நொடியின் பத்தில் ஒரு பங்கு வரை எண்ணுகிறவராக அவர் மாறினால், அன்றைக்கு எஸ்டீமும் ஷெட்டும் பற்றிப் பேசலாம். அந்த வாடகையில் ஒரு பங்கு தர நானும் தயார்.

போன சனிக்கிழமை எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் அவருடைய காரின் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பழைய பிரேக் ஆயிலை வெளியேற்றினோம். அவர் பெடல் மிதிக்க, நான் நிப்பிளைத் திறந்து மூட, குழாயில் வந்தது முதலில் பழுப்பு, அப்புறம் தெளிந்த மஞ்சள். புதுப் பேட் போட்டோம். சக்கர போல்ட்களை டார்க் ரென்ச்சில் 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினோம். டிராக் நாளில் ஒவ்வொரு தடவை உள்ளே போகும் முன்னும், மாலை வீட்டுக்குக் கிளம்பும் முன்னும் அதைத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பட்டியலில் மீதி இருந்த காயில் ஓவரை அவர் இன்னும் அழிக்கவில்லை. அடுத்த டிராக் டே முடிந்து வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.